ஆன் லோக் முதல் பேஸ் வரை: ஒரு முதியோர் திட்டத்தின் வரலாறு

அமெரிக்காவில் ‘பேஸ்’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் முதியோர் முழுப் பராமரிப்புத் திட்டம், சான் பிரான்சிஸ்கோ நகரின் சைனாடவுனில் பிறந்தது. 55 வயதை எட்டி, அன்றாடக் காரியங்களைப் பிறர் துணையின்றிச் செய்ய முடியாத நிலைக்கு வந்துவிட்ட ஒருவர் இதில் சேர்ந்தால், மருத்துவர், மருந்து, மருத்துவமனை, பல், கண், காது, பிசியோதெரபி, குளிப்பாட்டிவிட ஆள், மதியச் சாப்பாடு, வீட்டு வாசலுக்கு வரும் வேன் என அத்தனையும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பாகிவிடும். தலைக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் ஒரு நிலையான தொகை அந்த நிறுவனத்துக்குக் கிடைக்கும். செலவு அதற்கு மேல் போனால் நட்டம் நிறுவனத்துடையது; குறைந்தால் மிச்சமும் அதனுடையதே. கேட்பதற்கு எளிய இந்த ஏற்பாடு, ஒரு பேட்டையில் தொடங்கி நாட்டின் சட்டமாவதற்குக் கால் நூற்றாண்டு பிடித்தது.

திட்டம் எதற்கு மாற்றாக வந்தது என்பதிலிருந்துதான் அதன் கதையைத் தொடங்க வேண்டும். 1965 ஜூலை 30 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம், மெடிக்கேர், மெடிக்கெய்டு என்ற இரு அரசுக் காப்பீடுகளைக் கொண்டுவந்தது. மெடிக்கேர் 65 வயது நிரம்பியவர்களுக்கு, மெடிக்கெய்டு ஏழைகளுக்கு. முன்னதை மத்திய அரசு நடத்துகிறது. பின்னதன் செலவை மத்திய அரசும் மாநில அரசும் பகிர்ந்துகொள்கின்றன. மருத்துவமனையில் படுத்தால் மெடிக்கேர் பணம் கட்டும். மருத்துவரைப் பார்த்தால் கட்டும். ஆனால் படுக்கையிலிருந்து எழுப்பிவிடவும், உடுத்திவிடவும், கழிப்பறைக்கு அழைத்துப் போகவும் ஒரு ஆள் தினமும் வேண்டும் என்றால் அதற்குக் கட்டாது. அந்த நெடுநாள் பராமரிப்புக்கு மெடிக்கெய்டு முன்வந்தது. அதுவும் பெரும்பாலும் ஒருவர் தன் வீட்டை விட்டுவிட்டு நர்சிங் ஹோமுக்குள் போனால்தான். தமிழ்நாட்டில் நர்சிங் ஹோம் என்றால் தெருமுனையில் உள்ள சிறு தனியார் மருத்துவமனை. அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு: முதுமையில் தளர்ந்தவர்கள் மாதக்கணக்கில், பலர் சாகும்வரை, தங்கிவிடும் பராமரிப்பு இல்லம். அரசுப் பணம் அந்தக் கட்டடங்களை நோக்கிப் பாய்ந்ததால், 1965க்குப் பின் அவை பெருகின. வீட்டிலேயே இருந்திருக்கக்கூடியவர்களும், பணம் வரும் வழி அது ஒன்றுதான் என்பதால் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

சைனாடவுனிலும், அதை ஒட்டிய நார்த் பீச் பகுதியிலும் இந்தச் சிக்கல் தனி வடிவம் எடுத்தது. 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்தது. 1943 வரை அது நீக்கப்படவில்லை. 1943க்கு முன்பே வந்துவிட்ட ஆண்களில் பலர் மனைவியை அழைத்துவர முடியாமலும், மணம் முடிக்க வழியில்லாமலும் தனியாகவே முதுமை அடைந்தார்கள். பக்கத்துக் கியர்னி தெருவை ஒட்டி, இதே போலத் தனித்துப்போன பிலிப்பினோ முதியவர்கள் வாழ்ந்தார்கள். நார்த் பீச்சில் இத்தாலியக் குடும்பங்களின் பெரியவர்கள் இருந்தார்கள். பலருக்கு வீடு என்பது, வாடகை விடுதி ஒன்றின் மாடியில் கட்டிலும் ஒரு நாற்காலியும் கொள்ளும் ஒற்றை அறை. கழிப்பறை நடைவழியின் கோடியில்; சமையலறை பொது. செங்குத்தான தெருக்கள் கொண்ட நகரம் அது. படியிறங்க முடியாமல் போன நாளிலிருந்து அந்த மனிதருக்கு உலகம் அந்த ஓர் அறைதான்.

பிள்ளைகள் உள்ளவர்களுக்கும் வழி எளிதாக இல்லை. பெற்றோரை வெளியே அனுப்புவது சீனக் குடும்பங்களில் தலைக்குனிவான காரியம். அனுப்பத் துணிந்தாலும், இல்லங்கள் இருந்தது நகரின் வேறு மூலைகளில். அங்கே கான்டோனீஸ் பேசுவோர் இல்லை. சோறும் கஞ்சியும் இல்லை. வலி எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியாத, சொன்னாலும் புரியாத இடத்தில் ஒரு கிழவரைக் கொண்டுபோய் விடுவதை மருத்துவம் என்று எப்படிச் சொல்வது?

1971இல் வில்லியம் ஜீ என்ற பொதுச் சுகாதாரப் பல் மருத்துவரும் அப்பகுதியின் சமூகத் தலைவர்கள் சிலரும் சேர்ந்து, சைனாடவுன்–நார்த் பீச் பகுதிக்கென ஒரு சுகாதாரத் திட்ட அமைப்பை உருவாக்கினார்கள். அவர்களுடைய எண்ணம் அன்று எல்லோரும் எண்ணக்கூடியதுதான்: நம் பேட்டையிலேயே, நம் மொழி பேசும் ஒரு நர்சிங் ஹோம் கட்டுவோம். அது சாத்தியமா என்று ஆராய, சுவிட்சர்லாந்தில் பிறந்த சமூகப் பணியாளர் மேரி லூயிஸ் ஆன்சாக் அமர்த்தப்பட்டார். அவர் கொண்டுவந்த பதில் அவர்கள் எதிர்பார்த்ததில்லை. இல்லம் கட்டப் பணம் கட்டுப்படியாகாது. கட்டினாலும் அந்த மக்களின் வாழ்க்கை முறைக்கு ஒத்துவராது. கேட்கப்பட்ட கேள்விக்கு ‘ஆகாது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அவர் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. அவர் அங்கேயே தங்கி, அடுத்த இருபதாண்டுக்கு மேல் மாற்று வழியைக் கட்டி எழுப்பினார். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தோடு சேர்ந்து, முதியோரைக் கவனிக்கும் பணியாளர்களைப் பயிற்றுவிக்கும் ஏற்பாடு முதலில் நடந்தது.

மாற்று வழிக்கான முன்மாதிரி பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கே லயனல் கோசின் என்ற மருத்துவர், நெடுங்காலம் படுக்கையிலேயே கிடத்தி வைக்கப்பட்ட முதியவர்களில் பலரை எழுந்து நடக்க வைத்து வீட்டுக்கு அனுப்ப முடியும் என்று காட்டியிருந்தார். ஆக்ஸ்போர்டின் கவுலி ரோடு மருத்துவமனையில் அவர் நடத்திய ‘பகல் மருத்துவமனை’க்கு 1958இல் தனிக் கட்டடமே எழுந்தது. காலையில் வண்டி போய் முதியவரை அழைத்துவரும். பகலெல்லாம் சிகிச்சை, பயிற்சி, உணவு, பேச்சுத்துணை. மாலையில் அவரவர் வீட்டுக்கு. இரவுப் படுக்கை என்ற பெருஞ்செலவு இதில் இல்லை. பள்ளிக்கூடம் போல நடக்கும் மருத்துவமனை என்று சொல்லலாம்.

சைனாடவுன் அமைப்பு தனக்கு ‘ஆன் லோக்’ என்று பெயர் வைத்துக்கொண்டது. கான்டோனீஸில் அமைதியும் மகிழ்ச்சியும் நிறைந்த உறைவிடம் என்று பொருள். 1973இல் அதன் பகல் மையம் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் முதன்முதலாகத் தோன்றிய முதியோர் பகல் சுகாதார மையங்களுள் அது ஒன்று. மறு ஆண்டே மெடிக்கெய்டு அந்தச் சேவைக்குப் பணம் தரத் தொடங்கியது. 1975இல் வீட்டுக்கே போய்க் கவனிப்பது, வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்த் தருவது, குடியிருக்க இடம் தேடித் தருவது ஆகியவை சேர்ந்தன. 1978க்குள், நர்சிங் ஹோமில் இருக்க வேண்டிய அளவுக்குத் தளர்ந்தவர்களுக்கான முழு மருத்துவமும் உள்ளே வந்துவிட்டது.

இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. ஒரு பெரியவர் பகல் மையத்துக்கு வராமல் நின்றுவிட்டால், காரணம் பெரும்பாலும் மருத்துவமாக இருக்காது. மாடிப்படி காரணமாக இருக்கும். செருப்பு, பல், வீட்டில் குளிர் இவற்றில் ஏதோ ஒன்றாக இருக்கும். ஆனால் பணம் தரும் வழிகள் தனித்தனியாகக் கிடந்தன. மருத்துவர் பார்த்ததற்கு ஒரு பில், வேனுக்கு வேறு பில், சாப்பாட்டுக்கு இன்னொரு மானியம், சிலவற்றுக்கு எதுவும் இல்லை. மருத்துவர் மாத்திரை எழுதினால் அரசு பணம் தரும். குளியலறையில் பிடித்து நிற்க ஒரு கம்பி பொருத்தச் சொன்னால் தராது. அந்தக் கம்பி இல்லாததால் அவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அறுவை சிகிச்சையின் முழுச் செலவையும் அதே அரசு மறுபேச்சின்றிக் கட்டும்.

வீட்டுப் பிரச்சினையையும் ஆன் லோக் விட்டுவைக்கவில்லை. 1970களில் சான் பிரான்சிஸ்கோவின் மலிவு விடுதிகள் ஒவ்வொன்றாக இடிபட்டன. கியர்னி தெருவின் இன்டர்நேஷனல் ஹோட்டலில் இருந்த முதியவர்களை 1977 ஆகஸ்ட் 4 அதிகாலையில், ஆயிரக்கணக்கானோர் வாசலில் கைகோத்து மறித்து நின்றபோதும், காவல்துறை வெளியேற்றியது. அமெரிக்க நகரப் போராட்டங்களின் வரலாற்றில் இன்றும் பேசப்படும் நிகழ்ச்சி அது. இருக்க இடமே இல்லாதவரை வீட்டில் வைத்துப் பராமரிக்கிறோம் என்று சொல்வதில் அர்த்தமில்லை. 1980இல் பவல் தெருவில் முதியோருக்கான 54 குடியிருப்புகளுடன் ஆன் லோக் ஹவுஸ் எழுந்தது.

பணம் வரும் வழியை மாற்றும் முயற்சி இரண்டு படிகளில் நடந்தது. 1979இல் மத்திய அரசு நான்காண்டு மானியம் ஒன்றை அளித்தது: நெடுநாள் பராமரிப்பு தேவைப்படுவோருக்கான எல்லாச் சேவைகளையும் ஒரே குடைக்கீழ் கொண்டுவந்து நடத்திக் காட்ட வேண்டும். அக்காலத்தில் செலவழித்ததைக் கணக்குக் காட்டித் திரும்பப் பெற்றார்கள். 1983இல்தான் பெரிய திருப்பம் வந்தது. மெடிக்கேர், மெடிக்கெய்டு விதிகளிலிருந்து விலக்குப் பெற்று, ஆளுக்கு மாதம் இவ்வளவு என்ற நிலையான தொகையை ஆன் லோக் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பதிலாக முழு நட்டப் பொறுப்பும் அதன் தலையில் விழுந்தது. சேர்ந்தவர் மாரடைப்பில் விழுந்தாலும், மூன்று மாதம் தீவிர சிகிச்சையில் கிடந்தாலும், கடைசியில் நர்சிங் ஹோமுக்கே போக நேர்ந்தாலும், அதே தொகைக்குள் ஆன் லோக் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தளர்ந்த முதியவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டு இப்படிப் பந்தயம் கட்டிய நிறுவனம் அதற்கு முன் இல்லை. எந்தக் காப்பீட்டு நிறுவனமும் நோயற்ற பலரின் பணத்தில்தான் நோயுற்ற சிலரைச் சுமக்கும். ஆன் லோக்கின் பட்டியலில் நோயற்றவர் ஒருவர்கூடக் கிடையாது. ஆனாலும் கணக்கு நின்றது. பில் எழுத வேண்டிய அவசியம் இல்லாததால் பணத்தை எதற்கு வேண்டுமானாலும் செலவிடலாம். குளியலறைக் கம்பிக்கும், நல்ல செருப்புக்கும், இருமல் தொடங்கிய அன்றே வீட்டுக்கு ஒரு நர்ஸை அனுப்பவும் முடியும். வாரத்தில் சில நாட்கள் மையத்துக்கு வருபவரின் முகம் வாடியிருப்பதை, மருத்துவருக்கு முன்பே வேன் ஓட்டுநர் பார்த்துவிடுவார். நிமோனியா ஆகும் வரை காத்திருந்தால் மருத்துவமனைச் செலவு தன் கைப்பணம் என்பதால், நிறுவனத்தின் இலாபமும் முதியவரின் நலனும் ஒரே திசையில் இழுத்தன. எப்போதும் அப்படியே இழுக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்தச் சங்கடம் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கழித்து வெளிப்பட்டது.

1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஆன் லோக்கின் நிதி ஏற்பாட்டைத் தொடர அனுமதித்ததோடு, வேறு 10 நிறுவனங்கள் அதைப் பின்பற்றிப் பார்க்கவும் வழிவிட்டது. அடுத்த ஆண்டு ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளை, ஜான் ஏ. ஹார்ட்ஃபோர்ட் அறக்கட்டளை போன்றவை பணம் தந்தன. சைனாடவுனில் நடந்தது சீனர்களின் குடும்பப் பாசத்தால் நடந்தது, வேறெங்கும் எடுபடாது என்ற ஐயத்துக்கு இந்தச் சோதனைதான் விடை. பாஸ்டன் நகரின் கிழக்குப் பகுதி, நியூயார்க்கின் பிராங்ஸ், ஓரிகனில் போர்ட்லண்ட், தென் கரோலினாவில் கொலம்பியா, மில்வாக்கி, டென்வர், டெக்சஸ் எல்லையோரத்து எல் பாசோ என்று ஒன்றோடொன்று ஒட்டாத ஊர்களில் மையங்கள் முளைத்தன. எல் பாசோவில் மையத்தின் மொழி ஸ்பானிஷ். கொலம்பியாவில் கறுப்பின மக்கள் பெருமளவில் வந்தார்கள். 1990இல் இந்தப் புதிய இடங்களில் முதலாவதாகச் சிலவற்றுக்கு மெடிக்கேர், மெடிக்கெய்டு விலக்குகள் கிடைத்தன. ‘பேஸ்’ என்ற பெயர் நிலைத்ததும் இக்காலத்தில்தான். பென்சில்வேனியாவில் மட்டும் அது எடுபடவில்லை. அங்கே முதியோருக்கு மருந்து வாங்க உதவும் மாநிலத் திட்டம் ஒன்று அதே பெயரை ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தது. எனவே அந்த மாநிலத்தில் இத்திட்டத்துக்கு இன்றும் ‘லைஃப்’ என்றுதான் பெயர்.

நிலையான தொகை எவ்வளவு என்பதை முடிவு செய்தது ஒரு பெருக்கல் எண். ஒரு மாவட்டத்தில் சராசரி மெடிக்கேர் பயனாளிக்கு ஆகும் செலவை எடுத்து 2.39ஆல் பெருக்கினார்கள், தளர்ந்தவருக்குச் செலவு அந்த அளவுக்குக் கூடும் என்பது கணக்கு. மெடிக்கெய்டின் பங்கை ஒவ்வொரு மாநிலமும் பேசி முடித்தது. அது நர்சிங் ஹோமுக்கு ஆகியிருக்கக்கூடிய தொகையைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது பேச்சின் அடிப்படை. பிற்காலத்தில் 2.39 போய், ஒவ்வொருவரின் நோய்களையும் தளர்ச்சியையும் பொறுத்துத் தொகையைக் கணிக்கும் முறை வந்தது.

1993இல் ஆன்சாக் ஓய்வு பெற, ஜென்னி சின் ஹேன்சன் என்ற செவிலியர் ஆன் லோக்கின் தலைமைக்கு வந்தார். 1994இல் பேஸ் நிறுவனங்களின் தேசியச் சங்கம் அமைந்தபோது 9 மாநிலங்களில் 11 நிறுவனங்கள் இருந்தன. 1997ஆம் ஆண்டின் சமநிலை வரவு செலவுச் சட்டம், சோதனை முயற்சியாக இருந்ததை மெடிக்கேரின் நிரந்தர அங்கமாக்கியது; மெடிக்கெய்டில் விரும்பும் மாநிலம் ஏற்கலாம் என்று விட்டது. அந்த ‘விரும்பினால்’ என்ற சொல்லினால்தான், எல்லா மாநிலங்களிலும் இத்திட்டம் இன்றும் இல்லை. விதிகள் 1999 நவம்பரில் வெளியாயின. முதல் நிறுவனத்துக்கு 2001இல் நிரந்தரத் தகுதி கிடைத்தது.

சட்டமான பின், சேர்வது எப்படி என்பதும் விதியாக எழுதப்பட்டது. நான்கு நிபந்தனைகள்: வயது 55 அல்லது அதற்கு மேல், நிறுவனத்தின் சேவை எல்லைக்குள் குடியிருப்பு, நர்சிங் ஹோமில் வைத்துப் பராமரிக்க வேண்டிய அளவுக்குத் தளர்ச்சி என்று மாநில அரசின் சான்று, சேரும் நேரத்தில், திட்டத்தின் உதவியோடு, ஆபத்தின்றி வீட்டில் வாழ முடியும் என்ற நிலை. மூன்றாவதும் நான்காவதும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பவை. மிகவும் தளர்ந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டில் விடக்கூடாத அளவுக்குத் தளர்ந்திருக்கக் கூடாது. வாசல் குறுகலானது என்று இதைப் பார்த்ததும் தோன்றும். திட்டம் யாருக்காகப் பிறந்தது என்று நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். நர்சிங் ஹோமுக்குப் போகும் வழியில் பாதியில் நிற்பவரைத் தடுத்துத் திருப்புவதற்காகவே ஆன் லோக் தொடங்கியது. போகாதவரையும் போய்ச் சேர்ந்துவிட்டவரையும் அது குறிவைக்கவில்லை.

நடைமுறை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கும். பெரும்பாலும் மகளோ மருமகளோ மருத்துவமனையின் சமூகப் பணியாளரோதான் அழைப்பார்கள். நிறுவனத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வருவார். முதியவர் மையத்துக்குப் போய் ஒரு பகல் இருந்து பார்ப்பார். நர்ஸ், மருத்துவர், சமூகப் பணியாளர், பிசியோதெரபிஸ்ட் எனப் பலர் தனித்தனியே மதிப்பிடுவார்கள். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற முடிகிறதா, தனியே குளிக்கிறாரா, மாத்திரையை நினைவு வைத்துச் சாப்பிடுகிறாரா, அடுப்பை அணைக்க மறக்கிறாரா என்பவைதான் கேள்விகள். மருத்துவக் குறிப்புகளையும் பண விவரங்களையும் பெற ஒப்புதல் வாங்குவார்கள். மாநிலச் சான்று வர வேண்டும். வருமானமும் சேமிப்பும் மெடிக்கெய்டு வரம்புக்குள் இருக்கின்றனவா என்பது தனி விசாரணை. பல மாநிலங்களில் தனி ஆளின் சேமிப்புக்கு வரம்பு வெறும் 2,000 டாலர். எல்லாம் முடிந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அவர் திட்டத்தில் சேர்ந்தவராவார்.

கையெழுத்தானதும் ஒப்பந்தத்தின் நகலும் உறுப்பினர் அட்டையும் கைக்கு வரும். வீட்டில் கண்ணில் படும் இடத்தில் மாட்டி வைக்க அவசரத் தகவல் தாள் ஒன்றும் உண்டு. தொடக்ககால விதிகளில் இன்னொன்றும் இருந்தது: முதியவரின் பழைய மெடிக்கேர், மெடிக்கெய்டு அட்டைகளின் மேல் ஒட்டுவதற்கான சிறு ஒட்டுச்சீட்டு. நிறுவனத்தின் தொலைபேசி எண் அதில் இருக்கும். முதியவர் மயங்கிய நிலையில் எங்கோ ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டால், அங்குள்ளவர் பழைய அட்டையைப் பார்த்து அரசுக்கு பில் அனுப்பிவிடக் கூடாது, இந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்பதற்காக. பின்னர் அந்த எண் உறுப்பினர் அட்டையிலேயே அச்சாகிவிட்டதால் ஒட்டுச்சீட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஒப்பந்தம் தருவது நிறைய, எடுத்துக்கொள்வதும் உண்டு. சேர்ந்த நாளிலிருந்து அந்த நிறுவனத்தைத் தவிர வேறு வழியில் மெடிக்கேர், மெடிக்கெய்டு சேவை கிடையாது. அவசர சிகிச்சை மட்டும் விலக்கு. அதை அனுமதி கேட்காமல் எங்கும் பெறலாம். மருந்துக்கென்று தனியாக ஒரு மெடிக்கேர் திட்டத்தில் தெரியாமல் சேர்ந்துவிட்டால், பேஸிலிருந்து பெயர் நீங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இருபது முப்பது ஆண்டுகளாகப் பார்த்துவரும் சொந்த மருத்துவரை விட்டுவிட்டு நிறுவனத்தின் மருத்துவரிடம் போக வேண்டும். விசாரித்துவிட்டுச் சேராமல் போனவர்கள் சொன்ன காரணங்களில் இது முக்கியமானது. முதுமையில் மனிதர்கள் விட்டுக்கொடுக்கத் தயங்கும் உறவுகளில் மருத்துவர் உறவும் ஒன்று என்பதைத் திட்டம் போட்டவர்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள் எனலாம். 1999 விதிகளின்படி மருத்துவர்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் ஊழியர்களாகவே இருக்க வேண்டியிருந்தது; பின்னர் வந்த தளர்வுகளால், சில இடங்களில் வெளி மருத்துவரோடு ஒப்பந்தம் செய்துகொள்ள முடிந்தது.

சேர்ந்தவரைப் பொறுப்பேற்பது ஒரு தனி மருத்துவர் அல்ல, ஒரு குழு. மருத்துவர், நர்ஸ், சமூகப் பணியாளர், இயன்முறை சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், பொழுதுபோக்கு ஒருங்கிணைப்பாளர், உணவியல் வல்லுநர், மைய மேலாளர், வீட்டுப் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர், உடனிருந்து கவனிக்கும் பணியாளர், வேன் ஓட்டுநர் எனப் பதினொரு பணிகளை விதி பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. முதியோர் மருத்துவத்தைப் பற்றிய ஓர் அரசு விதியில் ஓட்டுநருக்கும் மருத்துவருக்கும் ஒரே மேசையில் நாற்காலி போட்டிருப்பது ஆன் லோக்கின் அனுபவம் விட்டுச்சென்ற தடம். வீட்டுக் கதவு திறக்க நேற்றைவிட இன்று எத்தனை நிமிடம் கூடுதலாகப் பிடித்தது என்பது ஓட்டுநருக்கு மட்டும்தான் தெரியும். குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழு ஒவ்வொருவரையும் மறுபடி மதிப்பிட வேண்டும்.

சேர்பவர்களில் பெரும்பாலோர் மெடிக்கேரும் மெடிக்கெய்டும் இரண்டும் உள்ள ஏழைகள். அவர்கள் கையிலிருந்து பொதுவாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. மெடிக்கேர் மட்டும் உள்ள நடுத்தர வர்க்கத்தவருக்குக் கதவு சட்டப்படி திறந்திருக்கிறது. ஆனால் மெடிக்கெய்டு தந்திருக்க வேண்டிய பங்கை மாதாமாதம் அவரே கட்ட வேண்டும். பல ஆயிரம் டாலர் வரும் அந்தத் தொகையைக் கேட்டதும் பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். ஏழைப் பேட்டையில் பிறந்த திட்டம் ஏழைகளின் திட்டமாகவே நின்றது. இடையில் உள்ளவர்கள் சேமிப்பைக் கரைத்து ஏழையான பிறகே உள்ளே வர முடிகிறது.

சட்டம் வந்த வேகத்தில் திட்டம் பரவவில்லை. முதல் ஆள் சேருவதற்கு முன்பே மையம் கட்டி, குழுவை அமர்த்தி, வேன்கள் வாங்க வேண்டும். போதிய அளவு பேர் சேரும் வரை நட்டம். இலாப நோக்கற்ற நிறுவனங்கள் மட்டுமே நடத்தலாம் என்ற விதி இருந்ததால் முதல் போடுவோர் குறைவு. வீடுகள் மைல் கணக்கில் விலகியிருக்கும் கிராமங்களில் வேன் ஓட்டமே நாளைத் தின்றுவிடும். 2006இல் கிராமப்புற மையங்களுக்கு நாடாளுமன்றம் தொடக்கப் பணம் ஒதுக்கியது. 2015இல், இலாப நோக்குள்ள நிறுவனங்கள் நடத்திய சோதனையில் தரக்குறைவு காணப்படவில்லை என்ற அறிக்கையின் பேரில், அவர்களுக்கும் கதவு திறந்தது. முதலீட்டாளர்கள் வந்தார்கள், பங்குச்சந்தையிலும் இத்திட்டம் ஏறியது. 2021இல், தேவையான சேவைகளைத் தரவில்லை என்று கண்டறிந்த மத்திய அரசு, பெரிய நிறுவனம் ஒன்றின் சில மையங்களில் புதியவர்களைச் சேர்க்கத் தடை விதித்தது. நிலையான தொகையில் இரண்டு வழியாகவும் மிச்சம் பிடிக்கலாம்: முன்கூட்டியே கவனித்துப் பெருஞ்செலவைத் தவிர்ப்பது ஒரு வழி, கவனிக்காமலே விடுவது மற்றொரு வழி.

2020இல் கொரோனா பரவியபோது நாடெங்கும் பெரும்பாலான பகல் மையங்கள் மூடப்பட்டன. திட்டத்தின் இதயம் என்று ஏறத்தாழ ஐம்பதாண்டு கருதப்பட்ட இடம் பூட்டப்பட்டும் திட்டம் நின்றுவிடவில்லை. முதியவர்களை ஏற்றிவந்த வேன்கள் சாப்பாடும் மருந்தும் சுமந்து வீடு வீடாகப் போயின. மருத்துவர்கள் தொலைபேசியிலும் காணொளியிலும் பார்த்தார்கள். பணம் சேவைக்குச் சேவை வராமல் ஆளுக்கு வந்ததால், யாரிடமும் அனுமதி கேட்காமல் வேலையை மாற்றிக்கொள்ள முடிந்தது. 2020களின் நடுவில் 30க்கு மேற்பட்ட மாநிலங்களில், 150க்கு மேற்பட்ட நிறுவனங்களில், ஏறத்தாழ 80,000 பேர் சேர்ந்திருந்தார்கள். மெடிக்கேரின் கோடிக்கணக்கான பயனாளிகளுக்கு முன் இது சிறு எண்தான். சேர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர், நர்சிங் ஹோமுக்குத் தகுதி என்று சான்று பெற்ற பின்னும், தங்கள் வீட்டிலேயே வாழ்கிறார்கள். ஆன் லோக் இன்றும் சான் பிரான்சிஸ்கோவிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் இயங்கிவருகிறது.

திட்டத்திலிருந்து விலகுவது சேர்வதைவிட எளிது. சேர்ந்தவர் எந்த மாதமும், காரணம் சொல்லாமலே, விலகலாம். நிறுவனம் ஒருவரை நீக்க வேண்டுமானால் காரணங்கள் சிலவே: கட்ட வேண்டிய பணத்தைக் கட்டாதது, சேவை எல்லைக்கு வெளியே குடிபோவது, தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக நடந்துகொள்வது போன்றவை. அதற்கும் மாநில அரசு ஒப்ப வேண்டும். நோய் முற்றிச் செலவு கூடிவிட்டது என்பது காரணமாகாது. சாவு நெருங்கும் காலத்தில் அதே குழு வலி தணிக்கும் சிகிச்சையையும் குடும்பத்துக்கு ஆதரவையும் தருகிறது. மெடிக்கேரின் தனி ‘ஹாஸ்பிஸ்’ (இறுதிக்காலப் பராமரிப்பு) சலுகையைப் பெற விரும்பினால் பேஸிலிருந்து விலக வேண்டும் என்பது விதி. ஆனால் விலகுபவர்கள் குறைவு. சேர்ந்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் பட்டியலிலிருந்து நீங்குவது அவர்கள் இறக்கும்போதுதான்.